வாரும் வாத்தியாரும்

நாய் வளர்ப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நாயை வாரில் கட்டி அழைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. அதே வாரின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நாயினால் இழுத்துச் செல்லப்படுகிறவர்கள் இன்னொரு வகை. சென்ற ஆனி மாதம் வரையில் நாம் இவ்விரண்டிலும் சேராமல் நிம்மதியாகக் காலட்சேபம் செய்துகொண்டிருந்தோம். ஆனி மாதத்தில் ஒரு நாள் நம் புதல்வி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது, அவளுடைய புத்தகப் பைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய முனகல் கேட்டது. அன்றோடு நம் நிம்மதி தீர்ந்தது.

வந்து சேர்ந்த பிராணி, இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று தமிழ்நாட்டுக்குக் கீர்த்தி வாங்கிக் கொடுத்த நாய் இனங்களில் எதையும் சேர்ந்ததன்று. நிறம் செம்மண். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொரு காது "எனக்கென்ன?" என்று தொங்கும். பெயர் மணி. வீட்டிலுள்ள செருப்புகளில் ஜோடிக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் கடித்து, ஒரு வாரத்துக்குள் நம் குடும்பத்தார் அனைவரையும் சமநிலைக்குக் கொண்டு வந்துவிட்டது.

நாம் குடியிருப்பது அரியலூரில். உத்தியோகம் பெரம்பலூரில், கணக்கு வாத்தியார் உத்தியோகம். இடையே சுமார் 30 கிலோமீட்டர். அரியலூரில் இரயில் உண்டு. பெரம்பலூருக்கு இரயில் இல்லை. ஆகவே நமக்கு நித்தியமும் பஸ்ஸே கதி. அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்பதைப் பூகோள சாஸ்திரிகள் அறிவார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கடல் பிராணிகளின் ஓடுகள் இன்றும் இங்கே மண்ணில் அகப்படுகின்றன. அந்தக் கடல் நமக்கு விட்டுச் சென்ற ஆஸ்தி சுண்ணாம்புக்கல். அதை வெட்டிச் சிமெண்டு ஆலைகளுக்கு ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் சாலைகளில் இரவு பகல் ஓய்வதில்லை. இப்படிப்பட்ட ஊரில் நாயைக் கட்டாமல் வெளியே விடுவது, குழந்தையைக் கிணற்றங்கரையில் விளையாட விடுவதற்குச் சமானம்.

ஆகையால் ஒரு கடையில் நைலான் வார் ஒன்று வாங்கினோம். பச்சை நிறம், பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மாலை மணியின் கண்ணில் ஓர் ஆட்டுக்குட்டி பட்டது. மணி பாய்ந்தது. நைலான் நம் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு உருவியது. நாம் இறுகப் பிடித்தோம். "டக்" என்று ஒரு சத்தம். கொக்கி முறிந்து, வார் நம் கையிலும் நாய் நடுச்சாலையிலுமாக நின்றன. எதிரே லாரி. அந்த லாரியை ஓட்டி வந்த புண்ணியவான் பிரேக்கை அழுத்தியிராவிட்டால், இந்தக் கட்டுரையை எழுதும் மனநிலை நமக்கு இருந்திராது. அன்றிரவு நம் புதல்வி சாப்பிடவில்லை. நாயைக் கொஞ்சிக்கொண்டே நம்மைப் பார்த்த பார்வையில், "ஒரு வார் ஒழுங்காக வாங்கத் தெரியவில்லையே!" என்று எழுதியிருந்தது.

மறுநாள் முறிந்த வாரைப் பெரம்பலூருக்கு எடுத்துச் சென்றோம். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு வேப்பமரம். அதன் அடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆறு வருஷமாக நம்முடைய செருப்புக்கும் பைக்கும் குடைக்கும் அவரே வைத்தியர். வயது எழுபதுக்குக் குறையாது. அப்படியிருந்தும் இந்த ஆறு வருஷமும் நாம் அவரை அழைத்து வந்தது, "என்னப்பா, இதைக் கொஞ்சம் தைத்துக் கொடு!" என்றுதான். நம் தகப்பனார் வயதுடைய மனிதரை "நீ" என்கிறோமே என்ற எண்ணம் ஒரு நாளும் உதித்ததில்லை. பஸ்ஸில் முன்பின் அறியாதவரைக்கூட "நீங்கள்" என்று அழைக்கும் நாம், இந்த ஒரு மரத்தடிக்கு வந்ததும் ஏன் இலக்கணத்தை மாற்றிக்கொண்டோம்? காரணம் நேயர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரிந்துதான் இருந்தது.

பெரியவர் நைலான் வாரை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது தைக்கிற சாமான் இல்லீங்க, சார். தூக்கிப் போடுற சாமான். நாய்க்குத் தோல் வார்தான் சரி. நாலு கால் பின்னல் போட்டால் எருமைக் கிடாவையும் கட்டலாம்."

"பின்னித் தருவாயா?" என்றோம்.

"கண்ணு மங்கிப் போச்சுங்க. நான் சொல்றேன், நீங்க பின்னுங்க. வாத்தியாருக்கு வராத வித்தையா?"

இப்படியாக நாம் மாணாக்கரானோம்.

பின்னலுக்கு முன்னால் தோலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெரியவர் இரண்டு துண்டுகளை எடுத்து, "வெட்டின வாயைப் பாருங்க" என்றார். ஒன்றின் வெட்டுவாய் முழுவதும் ஒரே பழுப்பு. மற்றொன்றில் நடுவே நீலம் கலந்த சாம்பல் நிறம். முதலாவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. இரண்டாவது குரோம் உப்பில் பதனிட்டது. குரோம் தோல் மெத்தென்று இருக்கும். ஆனால் இழுத்தால் நீளும். நாய் இழுக்கிற வாருக்கு நீளாத தோல் வேண்டும். ஆகவே பட்டைத் தோலே உசிதம்.

மரப்பட்டை என்றால் எந்த மரம்? பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுகிறோமே, வறண்ட காட்டில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்குமே, சங்கப் புலவர்கள் ஆவிரை என்று பாடினார்களே, அந்த ஆவாரஞ்செடிதான். தென்னாட்டில் நெடுங்காலமாகத் தோலைப் பதனிட்டு வந்தது ஆவாரம் பட்டையும் கடுக்காயுமே. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போய், "கிழக்கிந்தியத் தோல்" என்று லண்டன் சந்தையில் பெயரெடுத்ததும் இதுவே. பிறகு தென்னாப்பிரிக்காவின் வேட்டில் மரப்பட்டை வந்தது. குரோம் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் நிலைநாட்ட முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கமலைச் சால் சீக்கிரம் இற்றுப் போகாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. 1948-இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பெரிய விஞ்ஞானிகள் இன்றும் அங்கே ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் வெட்டுவாயைப் பார்த்தே தோலின் ஜாதகத்தைச் சொல்லும் சாமர்த்தியம் இந்த வேப்பமரத்தடியிலும் இருக்கிறது என்பதை நாம் அறியாதிருந்தோம்.

அடுத்த வாரம் பெரியவர் திருச்சியிலிருந்து தோல் தருவித்திருந்தார். ஒரு சாண் அகலத்துக்குச் சற்று அதிகமான இரண்டு துண்டுகள். நமக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"இது எப்படிப் போதும்? நான்கு அடி நீளமல்லவா வேண்டும்?"

"ஏழு முழத் துண்டாகவே தோல் வாங்குவாங்களா, சார்? வட்டத்திலேருந்து வாரெடுக்கணும். வட்டமா ஏதாச்சும் கையிலே இருக்கா?"

நம் சாப்பாட்டுப் பையில் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டு இருந்தது. தினந்தோறும் மத்தியானம் நாம் சாப்பிடுகிற தட்டு. அதை வாங்கித் தோலின்மேல் கவிழ்த்து, ஆணியால் சுற்றிலும் கோடு இழுத்தார். சாப்பிடும் தட்டு தோலின்மேல் கவிழ்ந்தபோது நமக்கு உள்ளூர ஒரு கணம் "சுருக்" என்றது. வகுப்பில் சமத்துவத்தைப் பற்றி நாம் செய்திருக்கும் பிரசங்கங்களையெல்லாம் அடுக்கினால் ஒரு புத்தகம் ஆகும். அந்தப் புத்தகம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் அச்சுப்பிழையாகிவிட்டது.

பெரியவர் பலகை ஒன்றில் கூரிய கத்தியைச் செங்குத்தாக நட்டார். அதிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி ஓர் ஆணி அடித்தார். வட்டத்தோலின் ஓரத்தைச் சற்றே கீறி, கத்திக்கும் ஆணிக்கும் நடுவே செலுத்தி இழுத்தார். தோல் சுழன்றது. அரை சென்டிமீட்டர் அகலத்தில் வார் வந்தது, வந்துகொண்டே இருந்தது, திரௌபதியின் புடைவையைப் போல் முடிவில்லாமல் வந்தது. கடைசியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய நடுத்துண்டு மட்டும் மிஞ்சிற்று.

பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தட்டின் குறுக்களவு 20 சென்டிமீட்டர், ஆரம் 10. வட்டத்தின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். வாரின் அகலம் அரை சென்டிமீட்டர். ஆகவே நீளம் 628 சென்டிமீட்டர். நடுவில் மிஞ்சியது போக ஆறு மீட்டர் தாராளம். வாருக்கோ, கைப்பிடி உட்பட 160 சென்டிமீட்டர் பின்னல் வேண்டும். பின்னும்போது நீளம் குறுகுமாதலால் ஒன்றரைப் பங்கு வைக்க வேண்டும்: 240 சென்டிமீட்டர். நான்கு காலுக்கு 960. ஓர் வட்டத்துக்கு ஒரு வாராக இரண்டு வார்கள். ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி இரண்டாக மடித்தால் நான்கு கால்கள். இரண்டு வட்டங்கள் சரியாகப் போதும்! இருபது வருஷமாக வட்டத்தின் பரப்பைக் கரும்பலகையில் எழுதி அழித்து வருகிறோம். "இது எதற்கு உபயோகம், சார்?" என்று கேட்ட பையன்களை, "பரீட்சைக்கு!" என்று அடக்கியிருக்கிறோம். அதன் உபயோகத்தை நாமே அன்றுதான் கண்டோம்.

இனிப் பின்னல். உடனே தோலைத் தொடப் பெரியவர் அனுமதிக்கவில்லை. பழம்புடைவைக் கரையை நான்காகக் கிழித்து வைத்துப் பத்து நாள் பழகச் சொன்னார். மூன்று கால் பின்னல் நம் புதல்விக்கு அத்துப்படி; தினம் தலையில் போட்டுக்கொள்கிறாளே! நான்கு கால் வேறு தினுசு. இடது ஓரத்துக் காலை எடுத்து, நடுவிலுள்ள இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், திரும்பி வரும்போது ஒன்றின்மேல் போட வேண்டும். பிறகு வலது ஓரத்துக் காலை அதேபோல். இடது, வலது, இடது, வலது. சொல்வதற்கு இரண்டு வாக்கியம். செய்வதற்கு இரண்டு கைகளும் போதவில்லை. கால் விரலையும் சேர்த்துக்கொண்டோம்.

தோலை நனைத்து, பிழிந்த வேட்டியின் ஈரப்பதம் வரும்வரை துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்திருந்தால் வெடிக்கும், சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் நீளும். ஒவ்வொரு மடிப்பையும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். நாமோ உற்சாகமான நாளில் இறுக்கியும், தலைமையாசிரியர் கடிந்துகொண்ட நாளில் தளர்த்தியும் பின்னினோம். அதனால் வாரைத் தடவிப் பார்த்தாலே நம்முடைய நாட்குறிப்பைப் படித்துவிடலாம்.

வீட்டிலும் கலகம் இல்லாமல் இல்லை. "தோலையெல்லாம் கூடத்துக்குள் கொண்டு வருகிறாயே!" என்றார் நம் தாயார். "அம்மா, நீங்கள் வானொலியில் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிறீர்களே, அந்த மிருதங்கத்தின் முகமும் தோல்தான், இழுத்துக் கட்டிய வாரும் தோல்தான்" என்றோம். தாயார் சற்று யோசித்துவிட்டு, "அது சங்கீதம்" என்றார். இதற்கு எந்தத் தர்க்க சாஸ்திரத்திலும் பதில் கிடையாது.

ஆனால் தாயாரைச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. ஒரு மாலை மரத்தடி முக்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது சக ஆசிரியர் இருவர் வந்தார்கள். நாம் என்ன செய்தோம் தெரியுமா? தோலைப் பத்திரிகைக்குள் மறைத்து, ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து, தைக்கக் கொடுத்தவரைப் போல் பாவனை செய்தோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் செருப்பை எடுத்து, அதில் இல்லாத கிழிசலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நம் மானத்தைக் காப்பாற்ற அவர் நடித்தது நம்முடைய நடிப்பைவிட வெகு நேர்த்தியாக இருந்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மகாத்மா தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த காலத்தில் செருப்புத் தைக்கக் கற்றார். காலன்பாக் என்ற நண்பர் கிறிஸ்தவத் துறவி மடமொன்றில் கற்று வந்து அவருக்குக் கற்பித்தார். அந்தப் பண்ணைவாசிகளில் தமிழர்கள் பலர். தாம் செய்த ஒரு ஜோடிச் செருப்பைத் தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914-இல் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல வேனிற்காலங்களில் அணிந்து, 1939-இல் மகாத்மாவின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். இந்தக் கதையை அக்டோபர் 2-ஆம் தேதிதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். சொல்லிவிட்டு வந்து, தோலைப் பத்திரிகைக்குள் ஒளிக்கிறோம்.

பாதிப் பின்னலில் ஒரு தப்பு நேர்ந்தது. ஒரு கால் பின்னால் போவதற்குப் பதில் முன்னால் போயிருந்தது. கவனிக்காமல் மேலே ஒரு சாண் பின்னிவிட்டோம். "பார்வைக்குத் தெரியாது, விட்டுவிடலாம்" என்றோம்.

"தப்பு எங்கே விழுந்துச்சோ அங்கே வரைக்கும் அவிழ்க்கணுங்க. மேலே எத்தனை நல்லாப் பின்னினாலும், அறுகிறது அங்கேதான் அறும்" என்றார் பெரியவர். நாம் அவிழ்க்கத் தொடங்கினோம். அவர் சற்று நேரம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "சார், கோவிச்சுக்கக் கூடாது. என் பேரன் உங்க வகுப்பிலேதான் படிக்கிறான்" என்றார்.

நமக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் வரிசை, அதிகம் பேசாதவன். நாம் மரத்தடியில் நிற்கும் மாலைகளில் அவன் சாலையின் எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவான். நமக்குப் பயந்து ஒதுங்குகிறான் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறோம்.

"நீங்க வகுப்பிலே ஒரு பையனைத் திட்டினீங்களாம், 'படிக்காவிட்டால் நீ செருப்புத் தைக்கத்தான் லாயக்கு' என்று. இவன் அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னலீங்க. நான் அவனுக்குச் சொன்னேன்: 'வாத்தியார் சொன்னது சரிதான்டா. நீ இந்த மரத்தடிக்கு வரக் கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வைக்கிறேன்.' ஆனா, சார்..." பெரியவர் நம் கையிலிருந்த கோணல் பின்னலைப் பார்த்துச் சிரித்தார். "செருப்புத் தைக்கிறதுக்கும் லாயக்கு வேணுங்களே!"

அன்று இரண்டு பஸ்களைத் தவற விட்டோம்.

1937-இல் வார்தாவில் தேசத் தலைவர்கள் கூடி, கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி புகட்ட வேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். 1953-இல் நம் சென்னை இராஜ்யத்தில் ஆரம்பப் பள்ளிகளுக்கு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. "அப்பன் தொழிலிலேயே மகனைக் கட்டிப்போடும் சூழ்ச்சி" என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 1954-இல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது. இந்தப் பெரியவரே பேரனை மரத்தடிக்கு அழைக்க மாட்டார். ஆனால் ஒரு பையன் தன் தாத்தாவின் தொழிலை விட்டு வெளியேற வேண்டுமானால், தாத்தாவைக் கண்டு வெட்கப்பட்டுத்தான் வெளியேற வேண்டுமா? அவர் கையில் இருப்பதும் கல்வி என்று அறிந்து, தலை நிமிர்ந்து வெளியேறலாகாதா? அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார்? பாடப் புத்தகம் அன்று. நாம்தான்.

மறுநாள் வகுப்புக்கு வட்டத்தோல் ஒன்றும், கத்தி நட்ட பலகையும் கொண்டுபோனோம். "இதிலிருந்து அரை சென்டிமீட்டர் அகலத்தில் எவ்வளவு நீள வார் கிடைக்கும்?" என்று கேட்டோம். ஒருவன் ஒரு மீட்டர் என்றான். இன்னொருவன் துணிந்து இரண்டு மீட்டர் என்றான். இழுக்க இழுக்க வார் வந்து, மேஜையிலிருந்து இறங்கி, கடைசி வரிசை வரையில் போயிற்று. பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். பிறகு சொன்னோம்:

"இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் ஊரில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். சென்ற மாதம் இந்த வகுப்பில், படிக்காதவன் செருப்புத் தைக்கத்தான் லாயக்கு என்று சொன்னேன். அது தப்பு. ஒன்றரை மாதமாகக் கற்கிறேன். அதற்கு நான் இன்னும் லாயக்காகவில்லை."

பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் வரிசைப் பக்கம் நாம் பார்க்கவில்லை. பார்ப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

அந்த வார இறுதியில் வார் முடிந்தது. கைப்பிடியை மடித்து மெழுகு நூலால் இறுகச் சுற்றினோம். மணி கடிக்காமலிருக்க வேப்பெண்ணெய் தடவச் சொன்னார் பெரியவர். மணி ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டு, நம்மை நன்றி கெட்டவரைப் போல் நோக்கியது. பெரியவர் தோலுக்கும் பித்தளைக் கொக்கிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். "கற்றுக்கொடுத்ததற்கு, ஐயா?" என்றோம். "நீங்க பையன்கிட்ட வாங்குறீங்களா?" என்றார்.

"ஐயா" என்ற சொல் எப்போது நம் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு போகவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை மாலை மரத்தடிக்குப் போனபோது, முக்காலியில் நமக்கு இடமில்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பையன் உட்கார்ந்து, தாத்தாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். ஆனால் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை.

வார் இப்போது தினந்தோறும் அரியலூர்ச் சாலையில் பவனி வருகிறது. நடுவில் இரண்டிடங்களில் புடைத்திருக்கும். ஓரிடத்தில் கொஞ்சம் கோணல். லாரிகள் போகின்றன, ஆட்டுக்குட்டிகள் வருகின்றன, வார் அறவில்லை. முதலில் சொன்ன இரண்டு வகைகளில் நாம் எந்த வகை என்று நேயர்கள் கேட்கலாம். சந்தேகமில்லாமல் இரண்டாவது வகைதான்.